கணக்கில் வராத உண்ணி

இன்று காலை ஓர் உண்ணி என் இடுக்கியில் வெடித்தது. சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்து மாட்டிடமிருந்து பிடுங்கியது. ரத்தம் குடித்து, ஊறப்போட்ட கொண்டைக்கடலை அளவுக்கு உப்பியிருந்தது. கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது, கையுறை முழுக்கக் கறுத்த ரத்தம். கையுறையைக் கழற்றி எறிந்து, இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் அந்தக் கவிச்சி மூக்கை விட்டுப் போகவில்லை. காலையில் தின்ற ரொட்டி சானாய் தொண்டைவரை வந்து திரும்பியது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். "இத்தன வருஷமா உண்ணி பிடிக்கிறா, இன்னும் மூஞ்சிய எப்படி வச்சிருக்கா பாரு" என்று ஆய்வகம் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருப்பாய்.

ஆமாம், எனக்கு இன்னும் அருவருப்புதான். உண்ணிகளைப் பிடித்து, வகை பிரித்து, அரைத்து, மனிதரைத் தாக்கக்கூடிய புதுக் கிருமி எதுவும் அவற்றுக்குள் தலைகாட்டுகிறதா என்று பார்ப்பது நம் பிழைப்பு. எப்படித்தான் இந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டேனோ தெரியவில்லை. மாதம் ஒருமுறை, ஆய்வகம் இருக்கும் மாசாயிலிருந்து வேனில் கிளம்பி நாலைந்து நாள் செம்பனைத் தோட்டங்களைச் சுற்றி வருவோம். வெள்ளை பிளானல் துணியைப் புல் மேல் இழுத்துக்கொண்டே நடந்து, கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். மிளகு தூவியதுபோல் குட்டி உண்ணிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். அதையாவது சகித்துக்கொள்ளலாம். பனைகளுக்கடியில் மேயும் மாடுகளின் காதுக்குள்ளும் வாலடியிலும் கொத்துக் கொத்தாக அப்பியிருக்குமே, அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். நீயோ மாட்டின் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு, உன் மகளின் பரீட்சை மார்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குழாயில் போடுவாய். பிறகு அதே மர நிழலில் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பாய். நான் வேனில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன்.

நம் படிவம் ஞாபகம் இருக்கிறதா? துணி, மாடு, ஆடு, நாய், எலி என்று வரிசையாகக் கட்டங்கள். எந்த உண்ணி எதிலிருந்து எடுத்தது என்று அதில் குறிக்க வேண்டும். மனிதர் என்று ஒரு கட்டம் கிடையாது. நம் உடம்பில் ஏறியது மாட்டிலிருந்து வந்ததா, புல்லிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாதல்லவா? அதனால் அவற்றை எழுதுவதே இல்லை. "நம்ம மேல ஏறுனது கணக்குல வராது லா, தூக்கிப் போடு" என்பாய். நீ மட்டுமா, நான், வேன் ஓட்டும் பாண்டியன், உதவிக்கு வரும் இன்னொருவர், நான்கு பேரும் அப்படித்தான் செய்தோம். மனிதருக்கு வரக்கூடிய நோயைத் தேடிப் போன நாம், மனிதரைக் கடித்த உண்ணியை மட்டும் பார்த்துப் பார்த்து எறிந்தோம். நினைத்தால் என் மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அன்றைக்குத் தோட்டத்துக் கழிப்பறைக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டாய். கால்சட்டையை இறக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றிருந்தாய். தொடையிடுக்கில் ஒன்று நன்றாகப் பதிந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளுக்கு முன் வேறு தோட்டத்தில் ஏறியிருக்க வேண்டும், பாதி உப்பிவிட்டது.

"எனக்குக் குனிஞ்சா தெரியல. நீ எடுத்துடு."

"நான் வாந்தி எடுத்துருவேன் லா."

"எடுத்துட்டு எடு. வெளிய அந்த ரெண்டு பேருக்கும் மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா வருஷம் முழுக்க ஓட்டுவானுங்க."

ஓட்டத்தான் செய்வார்கள். பாண்டியனைப் பின்பக்கத்தில் உண்ணி கடித்தபோது அவனுக்குப் 'பின்சீட்டு' என்று பெயர் வைத்ததே நீதான். அவன் பழிவாங்கக் காத்திருந்தான். நான் முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு பிடுங்கினேன். அதன் வாய் உள்ளே முறிந்து நின்றுவிட்டதா என்றுகூடப் பார்க்கவில்லை. என் சட்டைப்பையில், உண்ணியைக் கெடாமல் வைக்கச் சாராயம் ஊற்றிய குழாய்கள் ஆறு இருந்தன. ஒன்றைத் திறந்து அதில் போடுவதற்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்? அதை இன்னொரு தரம் பார்க்க வேண்டுமே என்ற அருவருப்பில் கழிப்பறைக் குழியில் போட்டு, வாளித் தண்ணீர் முழுவதையும் ஊற்றினேன். பிறகு அதே குழியில் வாந்தி எடுத்தேன். நீ என் முதுகைத் தடவிக் கொடுத்தாய்.

ஒரு வாரத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத் தட்டணுக்கள் இறங்குகின்றன, டெங்கியாக இருக்கலாம், சோதனையில் இன்னும் தெளிவாகத் தெரியவில்லை என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் பார்க்க வந்தபோது உன் வீட்டுக்காரர் கட்டிலோரம் நின்றிருந்தார். டாக்டர் நல்ல பையன். தோட்டத்து வேலை என்றதும் மலாயில் அவராகவே கேட்டார், உண்ணி, பூச்சி ஏதாவது கடித்ததா என்று. நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தாக் அடா, டாக்டர்" என்றாய். இல்லையாம். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் வெளியே போன பிறகு உனக்குச் சாரோங் மாற்றிவிட்டேன். கடித்த இடத்தில் ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் என்று நாம் இருவருமே பயிற்சியில் படம் போட்டுப் படித்தவர்கள். நீ சாரோங்கை இழுத்து மூடிக்கொண்டாய்.

"சொல்லிடலாம்."

"இவரு இருக்கும்போது இல்ல இல்லன்னு சொல்லிட்டு இப்ப எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லிக்கலாம். நம்மள எத்தன உண்ணி கடிச்சிருக்கு, என்னா ஆச்சி?"

எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. அந்தக் கழிப்பறையை, அந்த வாளியை, நான் செய்ததை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாமே. அன்று மாலையே உனக்கு மூச்சுத் திணறியது. மறுநாள் நான் வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. நீ இறந்ததற்குக் காரணம் டெங்கி என்று எழுதியிருந்தார்கள். இனிமேல் சொல்லி என்ன என்று வாயை மூடிக்கொண்டேன். இப்படியே நான்கு வருடம்.

உன் வீடு இருக்கும் லோரோங் சந்தில் கொசுவுக்குப் புகை அடித்தார்கள். எதிர்வீட்டு அக்கா, உன் வாசலில் வரிசையாக நின்ற பூந்தொட்டிகளைப் பார்த்து, "இந்தத் தண்ணியிலதான் வளர்ந்திருக்கும்" என்றார். தொட்டிகளுக்கு அடியில் வைத்த தட்டுகளில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது உன் வீட்டுக்காரரின் வேலையாம். அந்த வாரம் அவர் மறந்திருக்கிறார். அன்று சாயங்காலமே எல்லாத் தொட்டிகளையும் சுத்தியலால் உடைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்க விடுவதில்லை. காரணம் அந்தத் தண்ணீராக இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தீபாவளிக்குப் போய் முறுக்குத் தின்றுவிட்டு வந்தேன்.

வேலையில் மட்டும் ஒன்றை மாற்றினேன். படிவத்தில் இப்போது 'நாம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எங்கே கடித்தது என்று எல்லார் முன்னாலும் கேட்பேன். பாண்டியன் நெளிவான், ஆனால் சொல்லிவிடுவான். அதைக் கண்ணைத் திறந்து பார்த்துத்தான் குழாயில் போடுகிறேன். உண்ணியைப் பார்த்து வரும் குமட்டல் குழாயை மூடியதும் அடங்கிவிடுகிறது. வாளியைத் தூக்கிய என் கையை நினைத்து வருவதுதான் அடங்குவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் பள்ளியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் அவரைச் செடி கொண்டுவந்திருந்தாள். அறிவியல் பாடத்துக்கு. உன் வீட்டுக்காரர் அதைப் பிடுங்கி, ஈரப் பஞ்சோடு குப்பையில் போட்டார். பிள்ளை அழவில்லை, பழகியவள்போல் உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப டெங்கி இல்லயா?"

"தெரியாது அண்ணே. உண்ணியாத்தான் இருக்கும்னு நான் நெனைக்கிறேன். உறுதியா சொல்ல அந்த உண்ணி இல்ல. நான்தான் தண்ணி ஊத்திட்டேன்."

"எங்க கடிச்சிச்சி?"

சொன்னேன். கத்துவார், வெளியே போ என்பார் என்று பயந்தேன். அவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பன்னெண்டு வருஷம் குடும்பம் நடத்துனவன் நானு. எங்கிட்ட சொல்றதுக்கா கூச்சப்பட்டா?"

எனக்குப் பதில் தெரியும். நீ அவரிடம் கூச்சப்படவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் வேனில் பாண்டியன் உனக்கு என்ன பெயர் வைப்பானோ என்றுதான் பயந்தாய், பிறகு ஒருமுறை இல்லை என்று சொன்னதை மாற்றிச் சொல்லச் சங்கடப்பட்டாய். அவ்வளவுதான். இவ்வளவு அற்பமான ஒரு காரணத்தை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வேன்? அதை மட்டும் இன்னும் நானே வைத்திருக்கிறேன்.