புது ஜன்னலும் அப்பா போனும்

சிவன்மலையாண்டவர் துணை

நெருப்பெரிச்சல்,
பங்குனி, வியாழக்கிழமை

கண்ணு அனுப்பிரியாவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோட எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் ஜெர்மனிக் குளிருல சளி காய்ச்சல் இல்லாம இருக்கோணும்னு விளக்கேத்தறப்பவெல்லாம் கும்பிட்டுக்கறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் இருக்கறோம். சுகமா இருக்கறோம்னு ஒரே வார்த்தையில எழுதிப்போடலாம்தான், ஆனா நீ ஒரு வாரமா மத்தியானத்துல அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு லைன் பிசின்னே வருது, அப்பா யார்கூட அவ்வளவு நேரம் பேசறாங்க, எதையோ மறைக்கிறீங்கன்னு நேத்து அழுகாத குறையாக் கேட்டே. அப்பவே சொல்லலாம்னா உங்கப்பா பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. அதனாலதான் எழுதறேன், முடிச்சதும் போட்டோ புடிச்சு உன் நெம்பருக்கு அனுப்பறேன். முழுசாப் படிச்சுட்டு அப்புறம் பயப்படு.

நீ பணம் அனுப்பி, ஜன்னல் வேலை செய்யற ராஜ்கமலைப் புடிச்சு, ஏசி இருக்கற அப்பா ரூமுக்கு மொதல்ல ரெட்டைக் கண்ணாடி ஜன்னலும் புதுக் கதவும் போட்டோமல்ல, அது நல்ல காரியம், அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். பழைய மர ஜன்னல் வெயிலுக்கு வளைஞ்சு சந்து விட்டுப் போச்சு, பக்கத்துல பனியன் துணி ஓட்டற நம்ம நிட்டிங் ஷெட்டுல இருந்து பஞ்சுத் தூசி அந்தச் சந்து வழியா உள்ள வந்துது, ஏசிக் குளிரு அதே சந்து வழியா வெளிய போச்சு. உங்கப்பாவோட இழுப்புக்குத் தூசி ஆகாதுன்னு டாக்டர் சொன்னதும், கரண்ட் பில்லு குறையோணும்னு நீ சொன்னதும் அந்த ஒரே ஜன்னல்ல முடிஞ்சுதுன்னு இருந்தேன். மொதல் ரீடிங்குல யூனிட் நல்லாவே குறைஞ்சுது, தேங்காய் உடைச்சேன். அடுத்த ரீடிங்குல பழைய ஜன்னல் இருந்தப்ப வந்ததை விட ஏறி நின்னுது. நான் மீட்டரைச் சந்தேகப்பட்டு, ராஜ்கமலைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவன் வந்து பாத்துட்டு, ஏனுங்கம்மா, ஏசியும் போட்டு ஜன்னலையும் தெறந்து வெச்சா நான் தங்கத்துல ஜன்னல் செஞ்சு மாட்டினாலும் பில்லு குறையாதுங்கன்னு சொல்லிட்டுப் போனான். தெறந்து வெச்சது உங்கப்பா.

கேட்டா, மிஷின் சத்தம் கேக்க மாட்டேங்குதுங்கறாங்க. நமக்கு அந்தச் சத்தம் ஓஞ்சாத்தான் நிம்மதி, அவங்களுக்கு அது ஓடிக்கிட்டு இருந்தாத்தான் கண்ணு அசரும். நூல் அறுந்தா மிஷின் தானா நின்னுக்கும், ஊசி ஒடைஞ்சா நிக்காது, அதுபாட்டுக்கு ஓடும், துணியில கோடு விழுந்துக்கிட்டே போகும். அந்தச் சத்தம் மாறறது உங்கப்பாவுக்குத் தூக்கத்துலயே தெரியும், எந்திரிச்சு வேட்டியை இழுத்துக் கட்டிக்கிட்டு ஓடுவாங்க, நீ பாக்காததா. புது ஜன்னலைச் சாத்திக்கிட்டு நல்லாத் தூங்கின ஒரு மத்தியானம் அப்படி ஊசி ஒடைஞ்சு ரோல் முழுக்கக் கோடு விழுந்து, ஆர்டர் குடுத்த பார்ட்டி துணியைத் திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. அதுல இருந்துதான் ஜன்னலைத் தெறந்து வெச்சிருக்கறாங்க. நான் பில்லைக் காமிச்சுச் சண்டை போட்டதும் ஜன்னலைச் சாத்திட்டு, சேரைத் தூக்கிக்கிட்டு ஷெட்டுக்குள்ளயே போய் உக்காந்துட்டாங்க. எந்தத் தூசி வேண்டாம்னு இத்தனை செலவு பண்ணினோமோ அதுக்கு நட்டநடுவுல. சாயங்காலமானா மூச்சு விசிலடிக்கும், எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிக்கிட்டே இன்ஹேலரைத் தேடுவாங்க.

இதைப் பாத்துட்டு நம்ம மிஷின் ஓட்டற பெருமாள்சாமி, விளாத்திகுளத்துக்காரன், உனக்குத் தெரியும், அவன்தான் ஒரு வழி சொன்னான். நீ விட்டுட்டுப் போன பழைய போனுக்கு ஒரு சிம் போட்டு அவன் சட்டைப்பையில வெச்சுக்கிட்டு, வயர் ஹெட்செட்டைக் காதுல மாட்டிக்குவான். உங்கப்பா சாப்பிட்டுப் படுக்கறப்ப அந்த நெம்பரைக் கூப்பிட்டு ஸ்பீக்கர் போட்டுத் தலைமாட்டுல வெச்சுக்குவாங்க. ஜன்னல் சாத்தியிருக்கும், ஏசி ஓடும், மிஷின் சத்தம் போன்ல வரும், பச்சைப்புள்ளையாட்டம் தூங்குவாங்க. நீ கேட்ட பிசி இதுதான் சாமி, வேற யார்கூடவும் பேசலை. பெருமாள்சாமி ரெண்டாம் நாளே, யக்கா, நாலு மிஷினோட அஞ்சாவதா மொதலாளி கொறட்டையும் ஓடுது, அதுக்கு எப்ப எண்ணெய் விடன்னு கேட்டான். நானும் சிரிச்சேன்.

செவ்வாய்க்கிழமை நான் சாமி ரூமுல விளக்குத் தொடைச்சுக்கிட்டு இருந்தேன். அப்பா ரூமுக்கும் அதுக்கும் நடுவுல அந்தப் புதுக் கதவு ஒண்ணுதான். பெருமாள்சாமி செருப்பைக்கூடக் கழட்டாம ஊட்டுக்குள்ள ஓடியாந்து, யக்கா, கொறட்டை மாறிருச்சு, மொதலாளிக்கு மூச்சு இழுக்குது, கதவத் தெறங்கன்னான். தெறந்தா உங்கப்பா எந்திரிச்சு உக்காந்து கட்டில் சட்டத்தைப் புடிச்சுக்கிட்டு, வேர்த்து ஊத்தி, கூப்பிட வாய் வராம இருக்கறாங்க. இன்ஹேலர் கட்டிலுக்கு அடியில உருண்டு கிடந்துது. எடுத்துக் குடுத்தேன், பெருமாள்சாமியே வண்டி கூப்பிட்டான், ஆஸ்பத்திரியில மருந்து ஆவி புடிச்சு, இருட்டறதுக்குள்ள ஊட்டுக்கு வந்துட்டோம். இப்பப் பரவாயில்லை. ஷெட்டுக்குள்ள உக்காரவே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாரு, உனக்குச் சொல்லக்கூடாதுன்னு உங்கப்பா என்னைக் கண்டிச்சுட்டாங்க. எனக்கு வேற ஒண்ணும் மனசுல இல்லை கண்ணு, அத்தனை மிஷின் இரைச்சல்ல நின்னவனுக்குக் கேட்டுது, ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குக் கேக்கலை.

அதனால கோவிச்சுக்காதே, அப்பா ரூம் கதவுக்கு அடியில ஒட்டியிருந்த ரப்பர் பட்டையை அன்னைக்கே அருவாமணையில அறுத்து எடுத்துட்டேன். ராஜ்கமல் திட்டுவான், திட்டட்டும். குளிரு கொஞ்சம் ஹாலுக்கு வரும், அதுக்கு உண்டான யூனிட்டை நான் மோட்டார்லயும் கிரைண்டர்லயும் மிச்சம் புடிச்சுக்கறேன். இப்ப அந்தச் சந்து வழியா போன்ல ஓடற மிஷின் சத்தமும் வருது, உங்கப்பா மூச்சும் வருது, வேலை செஞ்சுக்கிட்டே ரெண்டையும் கேட்டுக்கிட்டு இருக்கறேன். ஹால் ஜன்னலை நீ சொன்னபடியே மாத்தலாம், வெயிலு இப்பவே தாங்கலை. சமையல்கட்டு ஜன்னல் மட்டும் நல்லாத் தெறக்கற மாதிரி இருக்கோணும், கேஸ் எரியற இடம். தலைவாசலுக்குப் புதுக் கதவு வேண்டாம், மஞ்சள் குங்குமம் வெச்சுக் கும்பிடற நிலையைப் பேத்தெடுக்க நான் விட மாட்டேன், அடியில பிரஷ் பட்டை அடிச்சாப் போதும்.

நீயும் அங்க ஹீட்டரைப் போட்டுக்கிட்டு எல்லாத்தையும் இறுக்கிச் சாத்திட்டுப் படுக்காதே, தினம் கொஞ்ச நேரமாவது காத்து வரட்டும். பெருமாள்சாமிக்குக் காது வலிக்குதாம், வர்றப்ப அவனுக்கு ஒரு நல்ல ஹெட்செட் வாங்கிட்டு வா. உங்கப்பாவுக்காகச் சிவன்மலைக்கு நடந்தே வர்றேன்னு வேண்டியிருக்கறேன், நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசா, குறையில்லாம இருக்கோணும்னு அதோட சேத்து வேண்டியிருக்கறேன். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க சாமி, மத்தியானம் அப்பா போன் பிசியா இருந்தா நிம்மதியா உன் வேலையைப் பாரு, அவங்க தூங்கறாங்க. மணி போய்க்கிட்டே இருந்து யாரும் எடுக்கலைன்னா, அப்ப உடனே எனக்குக் கூப்பிடு.

உன் நினைப்பாவே இருக்கும்
அம்மா குழந்தையம்மாள்