ஊதுகிறவன் கட்டட்டும்

நவம்பர் 9, வியாழன்

விடியற்காலை முதல் மழை. குடையை வேலை செய்கிற இடத்தில் மறந்துவிட்டேன், துறைமுக ஸ்டோர்ஸில், என் மேசைக்குக் கீழே. இருமல் தொடங்கி மூன்றாம் கிழமை.

கன்ரீனில் பெரிய கதை. வருகிற பட்ஜெட்டில் சிகரெட்டுக்கு வரி கூட்டி, அந்தக் காசை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊதிற ஒவ்வொண்டுக்கும் இப்பவே வரி கட்டிறன். ஆஸ்பத்திரிக் கட்டில் அரைவாசி என்ர காசு." கூட வேலை செய்கிற ஹமீது, "அப்ப போய்ப் படு மச்சான். உன்ர கட்டில்தானே." எல்லோரும் சிரித்தார்கள். நானும். இருமலில் முடிந்தது.

நவ. 10, வெள்ளி

பெண்சாதி பிலோ விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு நாளைக்கு எத்தனை என்று டொக்டர் கேட்டார். பத்து என்றேன். பிலோ, "இருபது, டொக்டர். ஞாயிறு பூசை முடிஞ்சால் இன்னும் கூட."

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. மறுமொழி திங்கள். டொக்டர் சிரிக்கவில்லை, அதுதான் பயம். வீட்டுக்கு வந்ததும் சிகரெட் பெட்டியைப் பிலோ பறித்து எங்கோ ஒளித்துவிட்டாள்.

நவ. 12, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சீனி, பிலோவுக்குச் செருப்பு. செத்துப்போவேனோ என்று நினைத்தேன். எழுதிவிட்டேன், போகட்டும். பிலோ வழமைபோல வீடு கூட்டுகிறாள், குசினியில் சமைக்கிறாள். பயந்த மாதிரி ஒரு சொல் இல்லை. கல்நெஞ்சுக்காரி. கோபம்.

நவ. 13, திங்கள்

சுவாசப்பை சுத்தம்! வெறும் சளிதானாம். டொக்டர், "இந்த முறை தப்பிட்டீர். இதோட விட்டிடும்." மழையில் நனைந்தபடி வந்தேன், உறைக்கவில்லை. இவ்வளவு இலேசாக நடந்து எத்தனை நாள். பிலோ "மாதாவே" என்று மட்டும் சொல்லிவிட்டு மீன் கழுவப் போனாள்.

சந்தோஷத்துக்கு ஒன்று, ஒன்றே ஒன்று. அலுமாரியில் தேடினேன். அவள் சேலைகளுக்குக் கீழே பெட்டி. பெட்டிக்குக் கீழே ஒரு கடிதம், மூதூரில் இருக்கிற அவள் அண்ணனுக்கு. வெள்ளிக்கிழமை எழுதியது. 'இவருக்கு ஏதும் நடந்தால் நான் உங்களுடன் வந்து இருக்கலாமா அண்ணா. குசினிக்குப் பக்கத்து அறை போதும்.'

இரண்டையும் இருந்தபடியே வைத்து மூடினேன்.

நவ. 14, செவ்வாய்

கன்ரீனில் அதே வரிக் கதை. நன்றாகக் கூட்டட்டும், வாங்க ஏலாத அளவுக்குக் கூட்டட்டும் என்றேன். காய்ச்சலோ என்று ஹமீது என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

பின்னேரம் பிலோவிடம் கேட்டுவிட்டேன். "அண்ணருக்கு எழுதின கடிதம் ஏன் போடேல்லை?"

அரிசி களைவதை அவள் நிறுத்தவில்லை. "தபால்பெட்டியடி மட்டும் போனனான். போட்டால் நீங்கள் செத்துப்போவியள் எண்டு பயமாக் கிடந்தது."