அறுபத்து நான்கு மடங்கு வேகம்

அத்தானுக்கு,

'அன்புள்ள' விட்டுப்போகவில்லை, விட்டுவிட்டேன்.

பாளையங்கோட்டையில் நேற்று நடந்த, பல கம்ப்யூட்டர்களை ஒன்றாக ஓட்டுபவர்களின் மாநாட்டில் கடைசி வரிசையில் இருந்தேன். தாமிரபரணி வெள்ளத்தை அறுபத்து நான்கு துண்டாக்கி, துண்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் கணக்கிடும் என் புரோகிராமை உங்களுடையதாக விளக்கினீர்கள். வேகம் சரியாக அறுபத்து நான்கு மடங்காம். மண்டபமே கைதட்டியது. கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவே நேரம் பிடிக்கும், முழு மடங்கு ஒருநாளும் கிடைக்காது என்பது அத்தனை டாக்டர் பட்டங்களில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை.

அணையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிவசண்முகம் அண்ணாச்சி மட்டும் எழுந்து, திரையிலிருந்த வெள்ள வரைபடத்தைக் காட்டினார். "தண்ணி பாபநாசத்தோட நிக்கே சார், ஆறு முடியுத புன்னக்காயல்ல சொட்டுக்கூடக் காணலையே?"

"அங்கன கடல் வாங்கிக்கிடும் வே" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

திரையில் புரோகிராமின் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. உச்சியில் இருந்த என் பெயரை அழித்திருக்கிறீர்கள். கூடவே அடுத்த வரியும் போய்விட்டது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அதன் எண்ணைச் சொல்லும் வரி அது. அது இல்லாமல் அறுபத்து நான்கும் தான்தான் முதல் என்று நினைத்து, முதல் துண்டான பாபநாசத்தையே கணக்கிட்டன. உங்கள் குணம் ஒட்டிக்கொண்டது போலும். மீதி ஆற்றை எதுவும் தொடவுமில்லை, மற்றதோடு பேசவுமில்லை. அதனால்தான் அந்த வேகம்.

இதைத்தான் மழைக்கு முன் கலெக்டர் ஆபீசில் கொடுக்கப்போகிறீர்களாம். சரியான பிரதியை இன்று காலை நானே கொடுத்துவிட்டேன், என் பெயரோடு.

ரேஷன் கார்டிலும் என் பெயரை அடித்துவிடுங்கள். பார்த்து, ஒரு வரியை மட்டும்.

இப்படிக்கு,
புரோகிராம் எழுதியவள்