கிணற்றுமேட்டுத் தென்னை

வாத்தியாரே,

இன்று காலையில் எங்கள் தோல் டேனரிக்கு வெளிநாட்டு ஆர்டருக்கான சாம்பிள் துண்டு ஒன்று வந்தது. இலைப் பச்சை. அதே நிறத்தைத் தோலில் ஏற்ற வேண்டும். மஞ்சளில் கொஞ்சம் நீலம், ஒரு சொட்டுக் கறுப்பு என்று கலக்கிக் கலக்கிப் பார்த்ததில் விரல் இடுக்கெல்லாம் பச்சை ஏறிவிட்டது. சோப்புக்கும் போகவில்லை. மத்தியானம் அந்தக் கையோடு டிபன் பாக்ஸைத் திறந்ததும் நீ வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாய். உயிரோடு இருந்தபோதும் என் முட்டையை நீ விட்டுவைத்ததில்லை.

கிணற்றுமேட்டுத் தென்னையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் எழுதுகிறேன். நேராகச் சொல்ல வாய் வரவில்லை. சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஆறாம் வகுப்போடு நான் இறங்கிக்கொண்டேன். நீ படித்துக்கொண்டே போய், மேல்நிலைப் பள்ளியில் தாவரப் பாடம் நடத்தும் வாத்தியாராகி ஆம்பூருக்கே திரும்பி வந்தாய். "புல்லுக்குப் பேரு சொல்றதுக்கு சம்பளமா? எங்க மாடு கேட்டா சிரிக்கும்டா" என்றேன். "உன் மாட்டத்தான் மொதல் பெஞ்சுல உக்கார வெக்கணும். உன்ன விட நல்லா கவனிக்கும்" என்றாய். அன்றிலிருந்து நீ எனக்கு வாத்தியார்.

உன் அப்பா விட்டுப்போன தோப்பு பாலாற்றங்கரையில் இருந்தது. அப்போதே ஓலைகளின் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. பதனிடாத பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்புப் போடுகிறோம். அதை ஊறவைத்த தண்ணீர் எத்தனையோ காலம் எங்கெங்கோ ஓடி மண்ணுக்குள் இறங்கியது. சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகும் இறங்கின உப்பு ஏறி வரவில்லை. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் அழுதுவிட்டு உதட்டை நக்கியது போல இருக்கும். நான் அந்தத் தொழிலில் சோறு தின்கிறவன். நீ ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செய்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? மிச்சமான பச்சைக் கலரையும் ஒரு பிரஷையும் கொண்டுவந்து, குட்டைத் தென்னை ஒன்றின் மஞ்சள் ஓலைக்கு அழகாக ஒரு கோட்டு அடித்து வைத்தேன். நீ வந்து மோந்து பார்த்தாய்.

"இன்னாடா வேலை இது?"

"தோல்ல தழும்பு இருந்தா நாங்க இப்படித்தான் மேல ஏத்தி மறைச்சு கப்பல்ல அனுப்புவோம். வாங்கறவன் கண்டே புடிக்க மாட்டான்."

"வெயிலு கண்டுபுடிச்சிடும்டா."

சிரித்துக்கொண்டே ஓலையைத் துடைத்தாய். துடைத்தபடியே சொன்னாய்: "வெளிச்சத்துல எல்லா கலரும் இருக்குது. செவப்பையும் நீலத்தையும் இலை ஜாஸ்தி புடிச்சிக்குது. பச்சைக் கலரத்தான் கம்மியா எடுத்துக்கினு மிச்சத்தத் திருப்பி விடுது. நம்ம கண்ணுல படறது அந்த மிச்சம்தான்."

"அடப்பாவி, அப்ப இத்தனை வருசமா நான் கலக்கிக்கினு இருக்கறது இலை துப்பின எச்சிலா?"

நீ பிரஷைத் தூக்கி என்மேல் எறிந்தாய். அந்தச் சட்டை இன்னும் இருக்கிறது.

அப்புறம் ஒரு நாள் என்னைக் கூட்டிப்போக டேனரிக்கு வந்த நீ, கலர் அடிக்கும் மெஷினைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாய். ஒரு பக்கம் தோலை விரித்துவிட்டால் அது நகர்ந்துபோய்க் கலர் வாங்கி, சூட்டில் காய்ந்து, மறுமுனையில் ஒருவர் எடுத்து மாட்டும் இடத்துக்கு வந்து சேரும். "இலைக்குள்ளயும் இப்படித்தான்டா" என்றாய். "பச்சையம் கூட்டம் கூட்டமா இருக்குது. முக்காவாசிக்கு வெளிச்சத்தப் புடிக்கிறது மட்டும்தான் வேலை. புடிச்ச சக்திய பக்கத்துல இருக்கறதுக்குத் தள்ளும். அது அடுத்ததுக்குத் தள்ளும். தள்ளித் தள்ளி ஒரு எடத்துல போயி சேரும். அங்கதான் தண்ணி ஒடையும், நாம இழுக்கற மூச்சு அதுல இருந்து வருது. அந்த சக்திய வெச்சித்தான் காத்துல இருந்து சர்க்கரை கட்டுது."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கடைசியில எடுத்து மாட்டற ஆளு டீ குடிக்கப் போய்ட்டா?" என்றேன். எங்களிடம் அது அடிக்கடி நடக்கும். மெஷின் நிற்காது, தோல்மேல் தோல் வந்து விழும், காயாத கலர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் இரண்டும் பாழ்.

நீ சிரிக்கவில்லை.

"அதுதான்டா என் தோப்புல நடக்குது. உப்புல வேரு தண்ணி குடிக்க மாட்டேங்குது. இருக்கற தண்ணி போய்டக் கூடாதுன்னு இலை தன் ஓட்டையெல்லாம் மூடிக்குது. அப்ப காத்தும் உள்ள வராது, சர்க்கரையும் கட்டாது. ஆனா வெயிலு நிக்குமா? வந்துக்கினே இருக்குது. புடிச்ச வெளிச்சத்தக் குடுக்க எடம் இல்லாம, அதுவே இலையச் சுடுது."

நான் விளையாட்டுக்குக் கேட்டது, வாத்தியாரே.

அந்த மழை வருஷத்தில் பாலாறு கரை தொட்டு ஓடியபோது நீ குழந்தை மாதிரி ஆனாய். உப்பு இறங்க ஜிப்சம் போட்டாய், பாத்தி கட்டி மழைத்தண்ணீரால் மண்ணைக் கழுவினாய். புது ஓலை ஒன்று நன்றாகவே வந்தது. அதைக் காட்ட என்னை வேலையிலிருந்து கூப்பிட்டாய். அடுத்த கோடையில் கிணறு பழையபடி உப்பாகிவிட்டது. மரங்கள் ஒவ்வொன்றாகத் தலை சாய்த்தன. கிணற்றுமேட்டில் ஒன்று மட்டும் நின்றது.

வேலூர் ஆஸ்பத்திரியில் உனக்கு மூச்சு வாங்கியபோதும் அதைத்தான் சொன்னாய். "அந்த ஒண்ண மட்டும் பாத்துக்கடா."

"தோல்காரன் கையில மரத்தக் குடுத்தவன்னு ஊரே உன்ன சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீ பாத்துக்க."

பார்த்தோம். உன் சம்சாரம், எனக்குத் தங்கச்சி முறை, தினமும் டேங்கர் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வந்து ஊற்றினாள். மனை போடுகிறவர்கள் வந்து கேட்டபோதெல்லாம், "மரம் இருக்குதுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, கிண்டல் பண்ணாம சொல்லுங்க. இது பொழைக்குமா?"

மரமேறி ஒருவரை ஏற்றினேன். "அண்ணே, குருத்தத் தொட்டேன். கையோட வந்துடுச்சி" என்றார். கீழே போட்டார். தென்னைக்கு உயிர் அந்த ஒரே குருத்தில்தான், அது அழுகினால் வேறு தளிர் வராது.

அடிப்பக்கம் அழுகி நாறியது. நுனியைப் பிரித்தேன். உள்ளே இலை, கொசுவி வைத்த புடவை போல மடிப்பு மடிப்பாக, சுத்த வெள்ளை. அது வெளிச்சத்தையே பார்த்ததில்லை. இனி பிடிக்கப்போவதும் இல்லை.

தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ பொய்யைச் சிரித்துக்கொண்டே சொன்ன வாய் இது. "நிறுத்திடும்மா, தண்ணி ஊத்த வேணாம்" என்றேன். அவள் இடுப்பிலிருந்த குடத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

வெளிச்சம் பட்டால்தான் பச்சையம் வரும் என்று நீ எப்போதோ சொல்லியிருந்தாய். அறிவில்லாதவன்தானே நான்? அந்த வெள்ளை இலையைக் கிணற்றுச் சுவர்மேல் விரித்து, பறக்காமல் கல் வைத்தேன். நம் ஊர் வெயிலுக்கு என்ன குறை? பொழுது சாயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஓரம் சுருண்டது. காய்ந்தது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எந்தத் தென்னையின் கீழே வண்டியை நிறுத்தினாலும் முதலில் அண்ணாந்து குருத்தைத்தான் பார்க்கிறேன். சுற்றியுள்ள ஓலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் நம்ப முடியவில்லை, வாத்தியாரே.