மேஜைமேல் வைத்த என் தலை

பாஸ்டன், மார்ச் 1769

அன்பு மகன் ஜாபெஸுக்கு,

நேற்று மாலை ஊர் பார்க்க என் தலையை மேஜைமேல் வைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி குறைவு, எனக்கு இருமல், மற்றபடி சுகம். கிங்ஸ்டன் வெயிலில் நீயும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

இங்கே நாடகத்துக்குத் தடை என்பது நீ அறிந்ததுதான். அதனால் லாட்டிமர் என்ற ஒருவன் நல்லொழுக்கப் பிரசங்கம் என்று நோட்டீஸ் ஒட்டி விடுதி மாடியில் கூட்டம் சேர்த்தான். பிரசங்கம்தானே என்று போதகரும் வந்தார், நானும் அம்மாவும் முன்வரிசை. காகிதக்கூழில் செய்த தலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொய்முடி மாட்டி, வக்கீலாகவும் வைத்தியராகவும் பேசிக் காட்டினான், வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்து வந்தது மீன் வியாபாரி தலை. என் இருமல், நான் மூக்கைத் தேய்க்கிற விதம், எல்லாம் அப்படியே. பின்னாலிருந்து கயிற்றுக்கடை சைலஸ், ஆள் முன்வரிசையிலயே இருக்காருப்பா, ரெண்டு தலையையும் ஒப்பிட்டுப் பாருங்க என்றான். ஒரே சிரிப்பு. பிறகு லாட்டிமர் என் குரலிலேயே, ஒரு கருவாட்டைக் கட்டைவிரலால் அமுக்கி, இது நாறிப்போச்சு, கரும்புத் தோட்டத்து அடிமைங்களுக்கு அனுப்பு, அவங்க என்ன திருப்பியா அனுப்பப்போறாங்க என்றான். சிரிப்பு நின்றுவிட்டது. போதகர் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போனார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, நீங்க நிஜமா அப்படிச் சொன்னீங்களா என்று கேட்டாள்.

சொன்னேன். கிடங்கில், கதவைச் சாத்திக்கொண்டு, உன்னிடம் மட்டும். விடிந்ததும் லாட்டிமரைப் போய்ப் பிடித்தேன். உங்க பையன்தான் ஐயா, கிங்ஸ்டன் விருந்துல உங்களை மாதிரியே பேசிக் காட்டினாரு, என்னைவிட நல்லாப் பண்றாரு என்கிறான். என் மீனில் வளர்ந்த நீ ஊரார் சிரிக்க என்னையே பரிமாறியிருக்கிறாய். லாட்டிமர் இங்கே இன்னும் சில மாலைகள் பேசப்போகிறான். அந்தத் தலை மறுபடி வந்தால் இந்த ஊரில் என்னோடு யார் கைகுலுக்குவார்கள்? காசு நீட்டினேன், தொடவில்லை, வேறு பேரம் பேசினான்.

குடித்தால் வாயைப் பூட்டு. ஜுரம் வந்தால் அலட்சியம் செய்யாதே. கர்த்தர் உன்னைக் காக்கட்டும். அம்மாவுக்குத் தனியாக எழுது.

உன் தகப்பன்,
ஒபதியா திரோப்

பி.கு. லாட்டிமரோடு பேசி முடித்த பேரம் இது: பாஸ்டனில் என் தலை இனிப் பெட்டியை விட்டு வெளியே வராது. கிங்ஸ்டன் வரை கருவாடு ஏற்றிப் போகும் நம் கப்பலில் அவனுக்கு இலவசப் பயணம். வழிநெடுக அவன் சாப்பாடு கரும்புத் தோட்டங்களுக்குப் போகும் மீன் பீப்பாய்களிலிருந்துதான். ஒரு துண்டு நாறினாலும் அங்கே என் தலை மேஜை ஏறும், பக்கத்தில் உன் தலையும்.