வைரஸ் என்று பெயர் வைத்த ஃபைல்

இன்று மதியம் உன் மனைவி என் மேசைமேல் ஒரு கவரை வைத்தாள். உள்ளே உன் பென்டிரைவ். நீ போன பிறகுதான் கல்லூரிக்கு அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை மாப்ளே, கோபம்தான் வந்தது.

புதுக்கோட்டையில் நாம் சேர்ந்து வேலை பார்த்த அந்தக் கம்ப்யூட்டர் லேபில், கண்ணில் படுகிற ஃபைலையெல்லாம் மாணவர்கள் அழித்துவிடுவார்கள். அதற்கு நீ ஒரு வழி கண்டாய். ஃபைல்களைச் சுருக்கவும் விரிக்கவும் எல்லோரும் வைத்திருக்கிற சாதாரண மென்பொருளுக்கு, 'வைரஸ் தொடாதே' என்று பெயர் மாற்றினாய். பென்டிரைவிலும் அதே பெயர்தான். "புது வீட்டுக்குப் பூசணிக்கா கட்டுறமுல்ல, அது மாதிரிடா" என்று சிரித்தாய். ஒருவனும் அதைத் தொடவில்லை.

செய்முறைத் தேர்வன்று கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின. விசாரிக்க வந்தவர்களின் கண்ணில் பட்டது அந்தப் பெயர்தான்.

"பேர விடுங்க சார், ஹாஷ எடுத்துப் பாருங்க" என்று கெஞ்சினாய். ஃபைலுக்குள் இருப்பதைக் கணக்கிட்டால் கிடைக்கும் நீண்ட எழுத்து வரிசை அது. பெயரை மாற்றினால் அது மாறாது. உள்ளே ஓர் எழுத்தை மாற்றினாலும் வேறாகிவிடும். மென்பொருளைச் செய்தவர்கள் வெளியிட்டிருக்கும் ஹாஷோடு ஒப்பிட்டால் முடிந்தது.

கல்லூரி முதல்வர் என்ன சொன்னார்? "நீயே வைரஸ்னு எழுதி வச்சிருக்க. இதுக்கு மேல என்னத்தப் பாக்கணும்?" பென்டிரைவைப் பிடுங்கி, லேபையும் பூட்டினார்கள். உனக்காக நான் கேட்டதற்கு, "ஒன் வேலையப் பாரு" என்றார். படித்த மனிதர்தானே! உன் வேலை போயிற்று. அறந்தாங்கி பஸ்ஸில் உன் காதுபடவே, "வைரஸ் வாரான்" என்றார்கள். அடுத்த மழைக்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோயிற்று.

இன்று அந்த ஃபைலின் ஹாஷை எடுத்தேன். வெளியிட்டிருக்கும் ஹாஷைத் திரையில் அதற்குக் கீழேயே வைத்தேன். பக்கத்தில் நின்ற உன் மனைவி விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கடைசி வரைக்கும் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதப் பாக்க இம்புட்டு நேரந்தான் ஆகுமா?"

அந்த இரண்டு வரியையும் ஒரே தாளில் அச்செடுத்தேன்.

நாளைக் காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போகிறேன். "ஆளே போயாச்சு, இனி எதுக்கு?" என்பார். சொல்லட்டும். உன்னைச் சிரித்த முகமாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் எல்லோரும். என்னால் முடியவில்லை மாப்ளே. அந்த இரண்டு வரியையும் அவர் தன் விரலை வைத்துப் படிக்கிற வரைக்கும் உன்னை நான் கோப முகமாகத்தான் நினைத்து வைத்திருப்பேன்.