கல்கண்டு கரைந்த பிறகு

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் இது. காவடி எடுத்து வந்தவர்கள் இன்னும் திருத்தணி மலையிலிருந்து இறங்கி ஸ்டேஷன் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்கள். நேற்று மலைக்குப் போன என் வீட்டுக்காரர் பொரியோடு ஒரு பொட்டலம் கல்கண்டும் வாங்கி வந்திருந்தார். காலையில் பார்த்தால் மகள் இரண்டு கன்னமும் புடைக்க வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டால் பதில் இல்லை. என் பயம் உனக்குத் தெரியுமே. தொண்டையில் போய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஓடிப்போய் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்துவிட்டேன். அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

“ஏம்மா எடுத்த? கரைஞ்சதும் பேசுவேன்ல!” என்றாள்.

என் கையில் பிசுபிசுவென்று இரண்டு துண்டு கல்கண்டு. அதைக் கழுவக்கூடத் தோன்றாமல் நின்றேன். இப்போது அவள் தூங்குகிறாள். ஒரு வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியதை இந்த மத்தியானத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லூரியில் மூன்று வருஷம் நாம் ஒரே பெஞ்சு. நீ ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாய். உங்கள் வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், வகுப்பில் இங்கிலீஷ். மூன்றையும் ஒரே வேகத்தில் பேசுவாய். வியட்நாமுக்கு இங்கிலீஷ் டீச்சராக முதலில் போனவள் நீதான். இரண்டு வருஷம் கழித்து, மகளுக்கு ஒன்றரை வயசு ஆகியிருந்தபோது, என்னையும் அங்கே கூப்பிட்டாய். என் வீட்டுக்காரரின் அரக்கோணம் கடைச் சம்பளத்தில் வீட்டுக் கடன் அடையவில்லை. மகளை அவரிடமும் என் அம்மாவிடமும் விட்டுவிட்டு வந்தேன். ஒரே வருஷம் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கடலோர ஊர் அது. நாம் வேலை பார்த்த இங்கிலீஷ் மையத்தின் வாசலில் பெரிய பேனர் ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதில் நம் இருவரின் படமும் இல்லை. தங்க நிற முடியோடு சிரிக்கிற ஒருவனின் படம் இருந்தது. அவன் அங்கே வேலையே செய்யவில்லை என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. “பேனருக்கு அவன், கிளாஸுக்கு நாம. அவன் பாஸ்போர்ட்டுக்கு ஒரு ரேட்டு, நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஒரு ரேட்டு. பாடம் இன்னாவோ ஒண்ணுதான்டி” என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மீன் விலை சொல்கிற மாதிரி சொன்னாய்.

முதல் வருஷம் முடிகிற சமயத்தில் சம்பள உயர்வு கேட்க மேலாளரிடம் நான் தனியாகத்தான் போனேன். நீ கூட வருகிறேன் என்றாய். நான்தான் வேண்டாம் என்றேன். அவர் நல்ல மாதிரி பேசினார். இந்த வருஷம் பிள்ளைகள் சேர்க்கை குறைவு, உங்கள் உச்சரிப்பு புரியவில்லை என்று ஒரு தகப்பனார் சொல்கிறார், அதனால் சம்பளம் அப்படியே இருக்கட்டும், சனிக்கிழமை ஒரு வகுப்பு மட்டும் கூடுதலாக எடுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒருவர் பேசும்போது காது கொடுக்கிறோம் என்று காட்ட வேண்டாமா? நம் பக்கத்து வழக்கப்படி ஒவ்வொன்றுக்கும் “ஆங்... ஆங்...” என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. மறுநாள் அதே சம்பளத்துக்கு ஒப்பந்தம் அச்சாகி மேசையில் இருந்தது. இதற்கு நான் ஒப்புக்கொள்ளவே இல்லையே என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அன்று நம் அறைக்கு வந்ததும் நீ கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

“இன்னாடி சொன்ன நீ அவங்கிட்ட?”

“ஒண்ணும் சொல்லல. அவரு சொல்றத கேட்டுகினு இருந்தேன்.”

“கேட்டுகினு இருந்தியா, ஆங் போட்டுகினு இருந்தியா?”

நீ தலையில் அடித்துக்கொண்டாய். “அடிப் பாவி! இவங்க பாஷைல ஆங்னா அண்ணான்னு அர்த்தம்டி. சம்பளம் ஏத்தமாட்டேன்றான், ஆங் அண்ணா. சனிக்கிழமையும் வான்றான், ஆங் அண்ணா. இவ்ளோ பாசமான தங்கச்சி கெடச்சா எவன் துட்டு குடுப்பான்?”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று நீ கேட்கவில்லை. தெரியும் உனக்கு. முந்தின நாள் வீடியோ காலில் என் மகள் போனுக்கு முத்தம் கொடுத்ததை நீயும்தான் பார்த்தாய். போனையே அவள் அம்மா என்று நினைத்திருந்தாள். சார்ஜில் போட்டிருந்தால், “அம்மா தூங்குது, சத்தம் போடாத” என்று அவள் அப்பாவை அடக்குவாளாம். அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சம்பளம் கூடினால் தனி அறை எடுக்கலாம், பகலில் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வைக்கலாம், அவளை அழைத்துக்கொண்டு வந்துவிடலாம். இல்லையென்றால் இன்னொரு வருஷம் நான் போனாகவே இருக்க வேண்டும்.

அப்படியேதான் அந்த இன்னொரு வருஷமும் போனது. அடுத்த ஒப்பந்தத்துக்கு நீ இரண்டு மாதம் முன்பே தயாரானாய். உன் நைனா விசைத்தறிக் கூலி பேசப் போகிறபோது சொல்வாராமே, அதை எனக்கு மனப்பாடம் செய்ய வைத்தாய். “இவ்ளோன்னு சொல்லு. அப்பறம் வாய மூடிக்கோ. அதுக்கப்பறம் மொதல்ல எவன் வாய தொறக்கறானோ அவன் எறங்கிட்டான்னு அர்த்தம்.” சொல்வது எளிது. அறையில் உன்னையே மேலாளராக உட்காரவைத்து நான் பழகிப் பார்த்தேன். நீ மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு அவர் மாதிரியே “மிஸ், இந்த வருஷம் ரொம்பக் கஷ்டம்” என்பாய். உடனே என் வாயிலிருந்து “ஆங்” என்று வந்துவிடும். நாலு தடவையும் வந்தது.

“உன் வாய்க்கு பூட்டுதான் போடணும்” என்று எழுந்து போய் உன் பெட்டியைக் குடைந்தாய். உன் அம்மா திருத்தணி மலையிலிருந்து வாங்கி அனுப்பியிருந்த கல்கண்டுப் பொட்டலம் அதில் இருந்தது. “நாளைக்கு உள்ள போசொல்ல இத வாயில போட்டுக்கோ. கரையற வரைக்கும் நீ வாய தொறக்கக் கூடாது. முருகன் பாத்துகினு இருக்கான், சொல்லிட்டேன்.”

மறுநாள் சேர்ந்து போனோம். உனக்கும் மூன்று வருஷமாக ஒரு காசு ஏறவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நீதான் கேட்டாய். எவ்வளவு வேண்டும் என்று சொன்னாய். அப்புறம் நைனா சொன்னபடி வாயை மூடிக்கொண்டாய். அவர் தேநீர் ஊற்றினார். ஜன்னலைப் பார்த்தார். பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் கிழமைகளின் பெயர்களைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திங்களில் தொடங்கி ஞாயிறு வரை இரண்டு சுற்று முடிந்தது. நைனா சொன்னது பலித்துவிட்டது, அவர்தான் முதலில் பேசினார்.

“ஒருவருக்குத் தர முடியும். இரண்டு பேருக்கு என்னிடம் இல்லை. யாருக்கு என்று நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள்.”

அவர் முதலில் என்னைத்தான் பார்த்தார். நீயும் என் பக்கம் திரும்பினாய். நான் கீழே பார்த்துக்கொண்டு உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் மூன்றாவது சுற்றைத் தொடங்கினார்கள். வியாழக்கிழமை வந்தபோது நீ பேசினாய்.

“இவளுக்குப் போடுங்க.”

வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாய். “பாத்தியாடி, கல்கண்டு இன்னா வேல செஞ்சிச்சி! ஒரு ஆங் வரல உன் வாயிலேர்ந்து!”

“உனக்கு?” என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

“எனக்கு இன்னா, எம்புள்ளயா போன அம்மான்னு கூப்பிட்டுகினு கீது? அடுத்த வருசம் பாத்துக்கலாம் வா.”

இதற்காகத்தான் இந்த மடல். எப்படிச் சொன்னாலும் நன்றாக இருக்காது, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நீ கொடுத்தது சின்னத் துண்டு. அவர் தேநீர் ஊற்றுகிறபோதே அது கரைந்துவிட்டது. “யாருக்கு” என்று அவர் கேட்டபோது என் வாயில் ஒன்றுமே இல்லை. வெறும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் பேசாவிட்டால் நீ பேசுவாய் என்று எனக்குத் தெரியும். என்ன பேசுவாய் என்பதும் தெரியும்.

சம்பளம் கூடியது. தனி அறை எடுத்தேன். மூன்றாம் மாதம் மகள் வந்து சேர்ந்தாள். முதல் வாரம் என் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனைத் தேடுவாள். நீதான் என் போனை வாங்கி ஒளித்துவைத்தாய். “இனிமே உங்கம்மா இந்த மூஞ்சிதான்டி, நல்லா பாத்துக்கோ. அழகாத்தான் கீது, இன்னா கொறச்சல்?” என்று அவளிடம் சொன்னாய். அவள் சிரித்தாள். என்னிடம் வந்த பிறகு அவள் முதன்முதலில் சிரித்தது அதற்குத்தான்.

பழைய அறையின் வாடகையை நீ ஒருத்தியே சமாளிக்க முடியவில்லை. நாலு மாதத்தில் வேறு ஊரில் வேறு மையத்துக்கு மாறிப்போனாய். அங்கேயும் பெரிதாக ஒன்றும் கூடவில்லை என்று உன் பேச்சிலிருந்து ஊகித்தேன். பஸ்ஸில் ஆறு மணி நேரம். இரண்டு முறைதான் வர முடிந்தது என்னால். இரண்டு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். நீ மகளோடு விளையாடிக்கொண்டிருந்தாய். சொல்லாமலே திரும்பினேன்.

போன வருஷம் விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் உனக்குக் காய்ச்சல். பத்தே நாள். உன் தம்பி போனில் “அக்கா, எங்கக்கா...” என்று தொடங்கி அதற்கு மேல் பேச முடியாமல் வைத்துவிட்டான். எனக்கு விடுப்பும் டிக்கெட்டும் கிடைத்து நான் ஆர்.கே.பேட்டை வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. தறிச் சத்தத்தில் யார் பேசுவதும் சரியாகக் காதில் விழவில்லை. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒனக்கு சம்பளம் ஏறிச்சின்னு அன்னைக்கே போன் போட்டு சொல்லிச்சிம்மா. தனக்கு ஏறினாப்பல சந்தோசம் அதுக்கு” என்றார். நான் சாப்பிடாமல் கிளம்பினேன். அவருக்கு அது வருத்தம்.

இத்தனை நாளும் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று வாயைத் திறந்திருந்தால் மகள் வந்திருக்க மாட்டாள். ஒரு தாய் வேறு என்ன செய்திருப்பாள்? உனக்கும் அது புரிந்திருக்கும் என்று சொல்லிக்கொள்வேன். அந்தச் சமாதானமும் போன வாரத்தோடு போய்விட்டது.

விடுமுறைக்கு இங்கே வந்திருக்கிற என்னைப் புதிய ஒப்பந்தம் பேச வீடியோ காலில் கூப்பிட்டார்கள். அதே மேலாளர்தான். உன் இடத்துக்கு வந்த பிலிப்பைன்ஸ்காரப் பெண்ணும் அந்த அழைப்பில் இருந்தாள். அவளுக்கும் ஊரில் ஒரு பையன். இரண்டு பேரும் உயர்வு கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் எங்கோ பார்த்துவிட்டு அதே வாக்கியத்தைச் சொன்னார். ஒருவருக்குத்தான் முடியும், யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

திரையில் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவு எனக்குத் தெரியும்.

“பாதி பாதி” என்றேன். அவசரத்தில் தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு இங்கிலீஷில் சொன்னேன்: ஒருவருக்குத் தருவதை இரண்டாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் போடுங்கள்.

“ஓகே” என்றார் அவர். யோசிக்கவே இல்லை. அடுத்து சனிக்கிழமை வகுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவ்வளவுதான் ஆயிற்று. அழைப்பு முடிந்த பிறகு அந்தப் பெண் எனக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தாள். அதைத் திறந்து படிக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் அன்றும் ஓகே என்றுதான் சொல்லியிருப்பார். கேட்கத்தான் ஆளில்லை. ஒரு வார்த்தை, அதுவும் இரண்டு முறை ஒரே வார்த்தை. அரக்கோணம் ரயிலில் முறுக்கு வாங்கினால் நாம் சொல்லுவதுதானே அது?

பாதி வந்திருந்தால் தனி அறைக்குக் காணாது என்பது உண்மைதான். ஆனால் நாம் இருந்த அறைக்கே இன்னொரு பாய் வாங்கியிருக்கலாம். சுவரோரம் நீ, நடுவில் அவள், கதவோரம் நான். உனக்குச் சனிக்கிழமை வகுப்பு இருக்கும்போது நானும் எனக்கு இருக்கும்போது நீயும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நீ ஊர் மாறியிருக்க வேண்டாம். காய்ச்சல் எப்படியும் வந்திருக்குமோ என்னவோ, அந்தக் கணக்குக்குள் நான் போகவில்லை. அதற்கு முந்தின ஒரு வருஷமாவது நீ எங்களோடு இருந்திருப்பாய்.

அடுத்த வாரம் கிளம்புகிறோம், நானும் மகளும். என் வீட்டுக்காரர் இப்போதே பெட்டியைத் தூக்கிப் பார்த்து, எடை கூடிவிட்டது, எதையாவது எடுத்து வை என்கிறார். எதை எடுத்து வைக்க? மூன்று பாய் விரித்த அந்த அறை, நாம் மூவரும் ஒரு நாள்கூடச் சேர்ந்து படுக்காத அறை, நான் போகிற இடமெல்லாம் வருகிறது. அதை எங்கேயும் இறக்கி வைக்க வழியில்லை.